லொத்தர்ப் பணிப்பாளரின் தகுதிகள்

ரொறன்ரோவில் மாகாண அரசு லொத்தர்ச் சீட்டு நடத்தத் தொடங்கிய எழுபதுகளில், அதன் பணிப்பாளராக வருபவருக்கு வேண்டிய தகுதிகளைத் தட்டச்சுச் செய்தவள் நான். நிர்வாக அனுபவம் வேண்டும். பொலிஸ் பதிவு இருக்கக்கூடாது. கடைசி விதிதான் நீளமானது: அவரோ, அவருடைய அலுவலர்களோ, அவர்களின் வீட்டாரோ சீட்டு வாங்கக்கூடாது, வாங்கியது தெரிந்தால் அவர் உடனே மேலிடத்துக்கு அறிவிக்கவேண்டும். சூதாட்டம் நடத்தப்போகிறவருக்குக் கோயில் ஐயரைவிடக் கட்டுப்பாடா என்று எனக்குள் சிரித்தேன்.

பதவி என் மேலதிகாரிக்கே கிடைத்தது. ரொறன்ரோவில் நான் ஏறி இறங்கிய அலுவலகங்களில், என் சேலையைப் பார்க்காமல் தட்டச்சு வேகத்தைப் பார்த்து வேலை தந்த ஒரே மனிதர் அவர். முதல் ஆறு மாதம் தற்காலிக நியமனம். அது நிரந்தரமாகவேண்டும் என்று அவருக்காக நேர்த்தியும் வைத்திருந்தேன்.

ஐந்தாம் மாதம் ஒரு சனிக்கிழமை, என் கணவர் ஒரு சீட்டை என் முன் வைத்தார். பரிசு விழுந்திருந்தது, புதுக் காரே வாங்கலாம். பின்புறத்தில் எங்கள் மூன்று வயது மகளின் பெயரை எழுதியிருந்தார்.

"விதி தெரியாதே உங்களுக்கு?" என்றேன்.

"நீர்தானே அங்கை வேலை செய்யிறீர், பிள்ளையே செய்யுது? அவள் பிறந்த ராசிதான் எனக்கு இஞ்சை வேலை கிடைச்சது. அதுதான் அவளின்ரை பேரிலை எடுத்தன்."

எங்கள் ஆட்கள் காணி வாங்கினாலும் கடை திறந்தாலும் ராசியான பிள்ளையின் பெயரில்தான் செய்வார்கள். கிழித்துப் போடச் சொன்னேன். அவர் மறுத்தார். எனக்கு வந்த கோபத்தில் கறி அடிப்பிடித்ததுகூடத் தெரியவில்லை.

உண்மையைச் சொன்னால் பணிப்பாளர் ஒரு வழி சொல்வார் என்று நம்பி, கணவருக்குத் தெரியாமல் எடுத்த சீட்டைத் திங்கட்கிழமை அவரிடம் கொடுத்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

"குழந்தையின் பெயரில் ஏன்?" என்று கேட்டார்.

ராசியைப் பற்றி எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். விளக்க விளக்க, விதியை ஏமாற்றச் செய்த தந்திரம் போலவே அது தெரிந்தது. அவர் நம்பவில்லை.

"வேறு யாருக்குத் தெரியும்?"

"என் கணவருக்கு மட்டும்."

எப்போதும் திறந்திருக்கும் கதவை எழுந்துபோய்ச் சாத்தினார். சீட்டை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார்.

"நீங்கள் இன்று என்னிடம் எதுவும் சொல்லவில்லை" என்றார்.

அறிவித்திருந்தால், அவருடைய அலுவலகத்திலேயே விதி மீறப்பட்டது என்று இன்னும் நிரந்தரமாகாத அவருடைய பதவி போயிருக்கும், என் வேலையும் போயிருக்கும். அறிவிக்காததால் அந்தப் பதவிக்கு அவர் தகுதி இழந்துவிட்டார். மோர்னிங்சைட் போகும் பஸ்ஸில் வீடு போய்ச் சேரும்வரை இதையே யோசித்தேன்; கணவரிடம் சீட்டைக் கிழித்துவிட்டேன் என்று சொன்னேன்.

அடுத்த மாதம் நியமனம் நிரந்தரமானது. மேலிடத்திலிருந்து வந்தவர் அவருடைய நேர்மையைப் புகழ்ந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு கேட்காமலே என் சம்பளம் உயர்ந்தது. பிந்திப் போனாலும் அவர் ஒன்றும் சொல்வதில்லை. என் தட்டச்சுப் பிழைகளைத் தானே பேனையால் திருத்திக்கொண்டார். அந்த மரியாதைக்குப் பயந்து நான் நேரத்துக்கே போகத் தொடங்கினேன்.

மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது, இரண்டு நாள் லீவு கேட்டு அவர் அறைக்குள் போனேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். கடிதத்தை வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார். பிறகு, வெளியே யாருக்கும் கேட்காத குரலில், "இப்போதைக்கு இது போதுமா?" என்றார்.