கப்பல் படத்து இறங்குதுறை

ஊரைக் காட்டிப் பிழைக்கிறவனுக்கு ஊர் தெரிந்தால் போதும். படத்தில் வந்த ஊரைக் காட்டிப் பிழைக்கிறவனுக்கு வாயும் வேண்டும்.

நான் பாலையூற்று ஓட்டோக்காரன். சண்டை ஓய்ந்திருந்த ஒரு காலத்தில் வெளிநாட்டுக் குழு ஒன்று திருகோணமலையில் ஒரு மாதம் தங்கிப் புதையல் வேட்டைப் படமொன்று எடுத்தது. படத்துக்கு நீளமான இங்கிலிஷ் பெயர் உண்டு. எங்களுக்கு அது 'கப்பல் படம்'. இருபது வருடத்துக்கு மேலாகியும் அதை மறக்காமல், "கதாநாயகன் குதித்த பாறை எங்கே, ஒளித்த குகை எங்கே" என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். நான் ஏற்றி இறக்குகிறேன். உங்களில் யாராவது இதே தொழிலில் இருந்தால் என் பாடு விளங்கும்.

எல்லோரும் கட்டாயம் கேட்பது இறங்குதுறையைத்தான். விடியற்காலையில் எட்டுப் பேர் புதையல் பெட்டிகளைத் தலையில் சுமந்து வரிசையாக நடக்கிற காட்சி அங்கே எடுத்தது. அந்தத் துறையோ கடற்படை முகாமின் வேலிக்குள் இருக்கிறது. போக ஏலாது. ஆகவே நான் உள்துறைமுகக் கரையில் மீன்காரர் பாவிக்கும் ஒரு பழைய துறையைக் காட்டி, "இதுதான்" என்று சொல்லிவந்தேன். செத்துப்போன ஒரு மனிதனின் மானம் அந்தப் பொய்யால் போகப் பார்த்தது. எடுத்த எடுப்பிலேயே அதைச் சொன்னால் என்னை ஏசுவீர்கள். முதலில் கொஞ்சம் சிரிப்போம்.

தொப்பி தின்ற மான்

கொழும்பிலிருந்து ஒரு பொடியன் வந்தான். கதாநாயகனைப் போலவே தோல் பை, சப்பாத்து, ஓலைத் தொப்பி. கோட்டைக்குள் ஒரு பாறையில் ஏறி இடுப்பில் கைவைத்து நின்றான். நான் போனில் படம் எடுக்கப் போனால் பக்கத்தில் ஒரு மான் வந்து நின்றது. இந்த ஊர் மான்களுக்கு மனிதரைக் கண்டு பயம் இல்லை. பஸ் நிலையத்தில்கூட எங்களோடு சேர்ந்து நிற்கும். "அண்ணை, படத்தில மான் இல்லை. அதைக் கலைச்சுவிடுங்கோ" என்றான். நான் கையை ஓங்கினேன். மான் அவனுடைய தொப்பியை ஒரு கடி கடித்துக்கொண்டு நிதானமாக நடந்தது.

அழப்போகிறான் என்றுதான் நினைத்தேன். பாதித் தொப்பியைத் தலையில் வைத்து, ஓட்டோக் கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சொன்னான்: "பரவாயில்லை அண்ணை, இப்பதான் உண்மையாச் சண்டை பிடிச்சவன்ர தொப்பி மாதிரி இருக்கு."

முதல் பொய்

மட்டக்களப்பிலிருந்து புதிதாகக் கல்யாணம் முடித்த சோடி. பெண் பிள்ளைக்கு அந்தப் படமென்றால் உயிர். சின்ன வயதில் காய்ச்சலாகக் கிடந்தபோது தகப்பன் போட்டுக் காட்டினாராம். முகாம் வாசலில் நின்ற காவல்காரர் மரியாதையாகத்தான் கையசைத்துத் திருப்பி அனுப்பினார். பெண்ணின் முகம் வாடிவிட்டது. எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு ஓட்ட மனம் வரவில்லை. "உதில்லை பிள்ளை, துறை மற்றப் பக்கம்" என்று சொல்லி ஓட்டோவைத் திருப்பினேன். முதல் பொய்யை இரக்கத்தில் சொன்னேன். அடுத்த நூறு பொய்யையும் சோம்பலில் சொன்னேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

அவள் அந்த உடைந்த பலகைகளில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள். திரும்பி வந்து என்னிடம் சொன்னாள்: "படத்தில பாத்ததைவிட வடிவா இருக்கு, அண்ணா."

ஒன்பது தூண்

பொய்க்கு ஒரு நாள் கணக்கு வாத்தியார் வருவார் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. நிசமாகவே ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், கந்தளாய்க்காரர். போனில் காட்சியை நிறுத்திவைத்து எண்ணினார். "படத்தில ஒன்பது தூண். இஞ்ச ஆறுதான் நிக்குது." நான் மூச்சு விடாமல், "மிச்சத்தைச் சுனாமி கொண்டு போட்டுது சேர்" என்றேன். மனிதர் போனை மடியில் வைத்துவிட்டுக் கடலைப் பார்த்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எங்கள் கரையில் அந்த நாளில் ஆளைப் பறிகொடுக்காத வீடு குறைவு. அந்தப் பெயரைப் போய் மூன்று தூணுக்காக இழுத்துவிட்டேன்.

'நானா' என்று நாங்கள் கூப்பிடுகிற படகுக்காரரிடம் இதைச் சொன்னேன். கிண்ணியாக்காரர், சுற்றுலாக்காரரைக் கடலுக்குக் கொண்டுபோய்க் காட்டுகிறவர், என் பொய் முழுக்கத் தெரிந்த ஒரே ஆள். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "கடல் செஞ்ச பாவமே கடலுக்குப் போதும், தம்பி. உன்ட பாவத்தையும் அதுட தலையில போடாத."

சல்லியிலிருந்து வந்த அக்கா

போன வருடம் ஒரு நாள் பத்து மணி இருக்கும். பஸ் நிலையத்தில் ஒரு அக்கா என்னைத் தேடி வந்தார். ஐம்பத்தைந்து வயது சொல்லலாம். சல்லிக் கரையில் மீன்பிடிக் குடும்பம். "கப்பல் படத்து இடம் காட்டுற தம்பி நீங்களோ?" என்று கேட்டார். உள்ளூர் ஆள் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

வழியில் கதை சொன்னார். அவருடைய புருசன் அந்தப் படத்தில் பெட்டி சுமந்த எட்டுப் பேரில் மூன்றாவது ஆளாம். படத்தில் பார்த்தால் சுமக்கிறவர்களின் முகத்தைக் கை மறைக்கிறது. பெட்டியும் காலும்தான் தெரியும். ஆகவே ஊரில் ஒருவரும் நம்பவில்லை. "பெட்டி வெறும் பெட்டியாம். இவர் அதைச் சும்மா தூக்கிக்கொண்டு நடந்திட்டாராம். பாரமாத் தூக்கு எண்டு பதினொரு தரம் நடக்கவிட்டவங்களாம். ரெண்டு கல்லுக்கு நடுவால சூரியன் எழும்பி நேரே கண்ணுக்குள்ள குத்தினதாம். கண் கூசித் தண்ணி வந்ததாம். ஒவ்வொரு கல்யாண வீட்டிலயும் இதைச் சொல்லுவார். நான்தான் சபையில வைச்சு, 'போங்கோ, புளுகாதேங்கோ' எண்டு சொல்லுறனான்." ஆறு மாதத்துக்கு முன் அவர் மாரடைப்பில் போய்விட்டார். "ஒருக்கா அந்த இடத்தைப் பாத்தாத்தான் எனக்கு மனம் ஆறும், தம்பி" என்றார்.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பழக்கதோசத்தில் ஓட்டோ நேரே உள்துறைமுகக் கரைக்குப் போய் நின்றுவிட்டது. அக்கா இறங்கி அந்தப் பலகையின் நுனிவரை நடந்தார். கையைக் கண்ணுக்கு மேலே வைத்துக் கடலைப் பார்த்தார். திரும்பி ஊர்ப்பக்கம் பார்த்தார். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவருக்கு நான் திசை சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. கல்லும் இல்லை, சூரியன் எழும்புவதும் ஊருக்குப் பின்னால். பலகையில் அப்படியே குந்திவிட்டார். "கடைசிவரையும் பொய்தான் சொல்லியிருக்கிறார். நான் சொன்னதுதான் சரி."

விடிய ஐந்தரை

அவருக்குப் பக்கத்தில் நானும் குந்தினேன். பொய் சொல்லும்போது வேகமாக வருகிற வாய் அன்று ஒத்துழைக்கவில்லை. "அக்கா, பொய் சொன்னது அவரில்லை, நான்" என்று ஒருவழியாகச் சொன்னேன். முகாம், வேலி, மட்டக்களப்புப் பிள்ளை எல்லாம் சொன்னேன். செருப்பால் அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "அப்ப அங்க கல் இருக்கோ?"

எனக்குத் தெரியாது. அதுதான் உண்மை. அந்தத் துறையை நான் ஒருநாளும் கிட்டப் பார்த்ததில்லை. கமரா கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதால் துறைக்கு முன்னால் என்ன இருக்கிறதென்று படத்திலும் வராது. நானாவைக் கேட்டோம். கல் நிறையக் கிடக்கிறது, எது எதற்கு நேரே என்று தான் கவனித்ததில்லை என்றார். "வேலிக்கிட்டப் போக ஏலாது. தூரத்தில நிண்டு பாக்கலாம். விடியப் போனாத்தான் உங்கட கேள்விக்கு மறுமொழி" என்றார். அங்கேயும் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று நான் அன்றிரவு முழுக்க யோசித்தேன். அக்காவும் யோசித்திருப்பார்.

அடுத்த நாள் ஐந்தரைக்கு டச்பே கரையிலிருந்து படகு புறப்பட்டது. அக்கா வெள்ளைச் சேலை கட்டி, தலையை மூடிக்கொண்டு நடுப்பலகையில் இருந்தார். முகாமின் கடற்பக்கத்துக்குப் போய், போகவிடுகிற எல்லையில் நானா இயந்திரத்தை நிறுத்தினார். கரையில் சின்னதாக ஒரு துறை. இருட்டாகத்தான் கிடந்தது. படகுக்கும் துறைக்கும் இடையில், தண்ணீருக்குள்ளிருந்து கறுப்பாக இரண்டு கல்.

எங்கள் முதுகுப்பக்கம் சூரியன் எழும்பியது. முதலில் கல்லின் தலைகள் சிவந்தன. கல்லோடு மோதிய வெயில் அங்கேயே நின்றுவிட்டது. நடு இடைவெளியால் போன வெயில் மட்டும் தண்ணீரில் ஒரு பாதை போல ஓடி அந்தத் துறையில் விழுந்தது. நான் தூண்களை எண்ணினேன். ஒன்பது. எண்ணி முடிக்க முதலே எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தவனுக்கு.

அக்கா வாயில் சேலைத் தலைப்பை வைத்து அழுதார். பிறகு துறையைப் பார்த்து, ஆள் அங்கே நிற்கிற மாதிரியே, "நான் பிழை விட்டிட்டன், கேட்டியளோ" என்று உரத்துச் சொன்னார். நானா மறுபக்கம் திரும்பிக்கொண்டார். படகு திரும்புகிறபோது அக்கா முகத்தைத் துடைத்து, என்னைப் பார்த்துக் கட்டளையாகச் சொன்னார்: "இனி வாற ஆக்களுக்கு இதைத்தான் காட்டவேணும், தம்பி. காட்டேக்க, மூண்டாவதாப் பெட்டி தூக்கினவர் சல்லிக்காரர், அவர் புளுகேல்லை எண்டு பெண்சாதி சொன்னவ எண்டும் சொல்லுங்கோ."

அப்படியே சொல்லி வருகிறேன், சகபாடிகளே. என்ன, பொய்யனாக இருந்த காலத்தில் எட்டு மணிவரை நித்திரை கொள்ளலாம்.