கன்னத்தில் மூன்று கீறல்

என் கணவர் யாவ் ஒபிரி சத்தமாகத் தும்மக்கூட மாட்டார். தும்மல் வந்தால் மேல்துணியை வாயில் அடைத்துக்கொள்வார். எங்கள் ஊர் அசுபோனியில் எல்லோரும் அவரைச் சாது என்றும் தங்கமான மனிதர் என்றும் சொல்வார்கள். இருபது வருஷம் கூடக் குடித்தனம் செய்து நானும் அதையே நம்பினேன். சாதுவாவது, தங்கமாவது! மனிதர் பயந்து செத்துக்கொண்டிருந்தார்.

எங்களுக்குச் சொத்து தாய்வழி. அவருடைய தாய்மாமன் குடும்பத்துக் காட்டை வெட்டிக் கோகோ போட்டார். மாமன் போனதும் குடும்பம் கூடி, மருமகனான இவரிடம் தோட்டத்தை ஒப்படைத்தது. வாங்கிக்கொண்ட அன்றிலிருந்து இவர் அதில் ஒரு கன்றுகூட வைக்கவில்லை. மரமெல்லாம் கிழடு தட்டிக் காய்ப்பு குறைந்தது. கேட்டால், "யாருக்கு வைக்கிறது?" என்பார். ஊரில் பாதி வீடு சிமெண்டுக்கு மாறியும் எங்களுடையது மண் சுவராகவே நின்றது. ஒன்றுவிட்ட அண்ணன் குவாசி நிமோ எல்லைக் கல்லை நகர்த்தி மூன்று வரிசை மரத்தை விழுங்கினார். இவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏங்க, கண்ணு முன்னாடியே கல்லத் தூக்கிட்டுப் போறாரு. வாயில என்ன ஃபூஃபூக் களியா அடச்சு வச்சிருக்கீங்க?"

"மூணு வரிசைதானே, விடு அபெனா. அண்ணன்தானே."

அவர் குரல் உயர்ந்து அதுவரை நான் கேட்டது ஒரே ஒரு தடவை. எங்களுக்கு முதல் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றாவது பிறந்ததும் மருத்துவச்சி கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்தாள். தங்காத வீட்டுப் பிள்ளைக்குக் கன்னத்தில் கீறிவிடுவது எங்கள் வழக்கம். அந்தக் காலத்தில் வடக்கிலிருந்து விலைக்கு வாங்கி வந்த அடிமைகளின் முகத்தில் இருந்ததே, அந்த மாதிரி. சாவு வந்து பார்த்தால் யாரோ அடிமையின் பிள்ளை என்று நினைத்து விட்டுவிட்டுப் போய்விடுமாம். "எம் பொண்ணு மூஞ்சியத் தொட்டே, கைய ஒடிச்சிடுவேன்!" என்று இவர் கத்திய கத்தில் அவள் கத்தியை விட்டுவிட்டு ஓடினாள். பிள்ளை கீறாமலே பிழைத்துக்கொண்டது. என்ன பாசம் என்று பூரித்துப்போனேன் நான், பைத்தியக்காரி.

ஒரு வியாழக்கிழமை நிமோ வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, வர்ற ஞாயித்துக்கெழம குடும்பக் கூட்டம். பெரியம்மா உன்னக் கட்டாயம் வரச் சொன்னாங்க. உன் தோட்டத்தப் பத்திப் பேசணுமாம்."

பெரியம்மா என்றால் பெமா. இவருடைய அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா, அந்தக் குடும்பத்துப் பெண்களில் மூத்தவர். அவரும் தங்காத வீட்டுப் பிள்ளைதான். இரண்டு கன்னத்திலும் மூன்று மூன்று கீறல்.

நிமோ போனதும் இவர் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், கிழட்டு மரங்களுக்கு நடுவில் உட்காரவைத்து, நாலு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"நம்ம கல்யாணத்துக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, எங்கம்மா சாகறப்போ ஒண்ணு சொல்லிட்டுப் போனா. எங்க பாட்டி இந்த வீட்ல பொறக்கலயாம். இந்தக் குடும்பத்துப் பெரியவர் ஒருத்தர் கோலாக் கொட்டை மூட்டையத் தலைல வச்சுக்கிட்டுப் பதினஞ்சு நாள் நடந்து வடக்க சலாகா சந்தைக்குப் போனாராம். கொட்டையக் குடுத்துட்டு ஒரு பொண்ணப் புடிச்சுக்கிட்டு வந்தாராம். அதான் எங்க பாட்டி. ஏழு வயசாம்."

பாதையில் யாராவது வருகிறார்களா என்று நானும் திரும்பிப் பார்த்தேன்.

"கன்னத்துல கீறல் இருந்துச்சாம். தங்காத புள்ளைக்குப் போட்டதுன்னு வெளில சொல்லிட்டாங்க."

"யாராச்சும் சொல்லிக்காட்டுனாங்களா?"

"சொன்னா அவ்வளவுதான் அபெனா. வாங்கிட்டு வந்தவ பேரனுக்கு எதுக்குத் தோட்டம்னு கேப்பாங்க. கூட்டத்துல உக்காரவும் எடம் கெடையாது. நாளைக்கு நம்ம பொண்ண எவன் கட்டுவான்?"

"ஒருத்தர் பொறப்ப இன்னொருத்தர் வாய்விட்டுச் சொல்லக்கூடாதுன்னு சட்டம் இருக்கே!"

"சட்டம் இருக்கு. வாயும் இருக்கே."

அதுவரை அவர் பயம் அவரோடு இருந்தது. அன்று எனக்கும் ஒட்டிக்கொண்டது. மகள் கன்னத்தைக் கீறவிடாதது, கன்று வைக்காதது, சுவர் எழுப்பாதது, மூன்று வரிசையை விட்டது எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. பிடுங்கப்போகிற நிலத்தில் எவன் கன்று வைப்பான்? தெருவில் இரண்டு பேர் தலையைச் சேர்த்துப் பேசினால் எங்களைப் பற்றித்தானோ என்று நடையை மெதுவாக்கிக் காது கொடுத்தேன். அந்தக் குடும்பத்துப் பெண் ஒருத்தி சந்தையில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று வீடு வரும்வரை யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். கட்டிக்கொண்டு வந்தவள் கூட்டத்தில் உட்கார முடியாது. முற்றத்து ஓரத்தில் அடுப்படிப் பெண்களோடு நின்றேன். இவர் முதுகில் வேர்வை துணியை நனைத்துக்கொண்டு இறங்கியது அங்கிருந்தே தெரிந்தது. தரையில் ஜின் சாராயம் ஊற்றி முன்னோரை அழைத்தார்கள். பிறகு பெமா தொண்டையைக் கனைத்தார்.

"ஒபிரியோட தோட்டத்தப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி, அவன் பாட்டியப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும்."

இவர் எழுந்தார். எழுந்த வேகத்தில் முக்காலி கவிழ்ந்தது.

"யாரப் பாத்து யாரு பேசறது? இந்தப் பொம்பள மூஞ்சியப் பாருங்க! அந்தக் கீறலப் பாருங்க! இவதான் வெலைக்கு வாங்கின வம்சம்! சந்தைல வாங்கினவ!"

என் கையில் இருந்த சுரைக்குடுக்கை கீழே விழுந்தது. பெமா ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், எங்கள் கதை முடிந்தது. நான் பெமாவைப் பார்க்கப் பயந்து மற்றவர்களைப் பார்த்தேன். நிமோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிழவர்களும் தரையைத்தான் பார்த்தார்கள். ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை, வெட்கம்தான் இருந்தது. இவருக்காக வெட்கப்பட்டார்கள்.

பெமா நிதானமாகச் சொன்னார்.

"பொறப்பச் சொல்லிட்டான். ஒரு ஆடு, ரெண்டு புட்டி ஜின் அபராதம். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். இப்ப நான் சொல்ல வந்தத முடிச்சுக்கறேன். இவன் பாட்டிதான் என்னத் தூக்கி வளத்தவ. அவ பேரன் தோட்டம் கெழடாக் கெடக்கறதப் பாத்தா எனக்கு வயிறு எரியுது. பக்கத்துக் காட்டயும் சேத்து இவனுக்கே குடுக்கணும். குடும்பம் கன்று குடுக்கணும், நடறதுக்கு ஆளும் அனுப்பணும். நிமோ, மூணு வரிசைய ஒழுங்கா திருப்பிக் குடு."

திரும்பி வரும் வழியில் இவர் பாதையோரத்தில் குந்திவிட்டார்.

"எல்லாருக்கும் தெரியும் அபெனா."

"ஆமா."

"எப்பலேர்ந்து?"

இவர் பயந்து பயந்து அந்த வார்த்தைக்காக இருபத்திரண்டு வருஷம் காத்துக்கொண்டிருந்தார். அத்தனை வருஷமும் அதைச் சொல்லாமல் காத்தவர்கள் அவர்கள். அந்த முற்றத்தில் அதை வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆள் இவர்தான்.

மறுநாள் முட்டைக் கூடையோடு பெமா காலில் போய் விழுந்தேன். அவர் என் விரலைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்தார்.

"எனக்கு முன்னாடி நாலு போச்சு. எங்கம்மா என்ன ஒபிரி பாட்டி மடில போட்டு, 'உன் கன்னத்துல இருக்கற மாதிரியே போட்டு விடு'ன்னு அழுதாளாம். அவ தன் மூஞ்சியத் தண்ணில பாத்துப் பாத்து எனக்குக் கீறுனா. எங்க ஊர்ல எங்கம்மா எனக்குப் போட்டது இதுன்னு சொல்லிச் சொல்லிக் கீறுனாளாம்."

அது எந்த ஊர் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து இவரிடம் அப்படியே சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கன்றுகள் வந்தன. நட்டார், நன்றாகவே வளர்ந்தன. சிமெண்டுச் சுவரும் எழுந்தது. பயம் மட்டும் போகவில்லை, ஆளை மாற்றிக்கொண்டது. ஒன்பது வருஷம் பெமா வீட்டு வாசலைத் தாண்டாமல் புதர்ப் பாதையைச் சுற்றியே தோட்டத்துக்குப் போனார். எத்தனை தடவை சொல்லியிருப்பேன், "போய் ஒரு வார்த்தை பேசிட்டு வாங்க, அவங்க ஒண்ணும் உங்களக் கடிச்சிட மாட்டாங்க" என்று. நாளைக்கு, நாளைக்கு என்பார்.

பெமா இறந்தபோது போகாமல் இருக்க முடியவில்லை. பட்டுத்துணி போர்த்தி, நகை போட்டுக் கிடத்தியிருந்தார்கள். இவர் குனிந்து, ஒவ்வொரு கீறலாக விரலால் தடவினார். பின்னால் வரிசை நின்றது, நகரவில்லை. நான் தோளைத் தொட்டேன்.

"எங்க பாட்டிய நான் பாத்ததே இல்ல அபெனா," என்றார். "அவ மூஞ்சி இங்கயே இருந்திருக்கு. நான் பயந்துகிட்டு நிமிந்தே பாக்கல."