ஸ்டோர் அக்கா சேட்டை பழகிய கதை

ஸ்டோர் அக்காவை நாற்பத்தொன்பது வயது வரை எந்த ஆசிரியரும் திட்டியதில்லை. படித்த காலம் முழுக்க முதல் பெஞ்சுதான். வீட்டுப்பாடத்தைப் பக்கத்துப் பெண் மறந்தால்கூட இவர் முகம் வாடிப்போகும். வளர்ந்து ஒரு மேல்நிலைப் பள்ளியின் ஸ்டோர் அறைக்குப் பொறுப்பாக வந்த பிறகும் குணம் மாறவில்லை. சாக்பீஸ், துடைப்பம், சார்ட் பேப்பர், உடைந்த பீக்கருக்கு மாற்று பீக்கர் என்று எதுவும் அவர் நீட்டும் பதிவேட்டில் கையெழுத்துப் போடாமல் அந்தக் கதவைத் தாண்டாது. தலைமையாசிரியரே ஒருமுறை கையெழுத்துப் போட மறந்து, பாதி வராந்தா போய்த் திரும்பி வந்திருக்கிறார்.

அவர் கணவர் பஸ் டிரைவர். படித்தபோது கடைசி பெஞ்சைப் பட்டா போட்டு வாங்கியவர்போல உட்கார்ந்திருந்தவர். இரண்டு பேரும் எப்படி இருபத்துநாலு வருஷம் குடும்பம் நடத்தினார்கள் என்பது அவர்கள் மகளுக்கே புரியாத விஷயம்.

அந்த வருஷம் பள்ளியின் இயற்பியல் டீச்சர், ஆசிரியர் வேலைக்குப் போக ஆசைப்படும் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு பயிற்சி வகுப்பு தொடங்கினார். பதினொரு பேர் சேர்ந்தார்கள். ஒருவர் பாடம் நடத்த, மற்றவர்கள் மாணவர்களாக உட்கார வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் உட்காரத்தான் ஆள் கிடைக்கவில்லை. எல்லாரும் பல்லக்கில் ஏறினால் தூக்குவது யார்? பதினொரு பேரும் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு ஒருவரையொருவர் "அமைதி, அமைதி" என்று அதட்டிக்கொண்டிருந்தார்கள்.

சரியென்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டி வந்தார் டீச்சர். அவர்களோ, புது இடம் என்பதால், செதுக்கி வைத்த பொம்மைகள்போல வாயே திறக்கவில்லை. அவர்கள் எதிரில் வகுப்பை அடக்கப் பழகுவது, தண்ணீர் இல்லாத குளத்தில் நீச்சல் பழகுவதுபோல இருந்தது. வேண்டியபோது வேண்டிய அளவு சேட்டை செய்ய ஒரு ஆள் தேவை. இந்தக் கவலையோடு சார்ட் பேப்பர் வாங்க ஸ்டோருக்குப் போன டீச்சர், அங்கே அக்கா மத்தியானப் பொழுதில் ரப்பர்களை நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

"அக்கா, இந்த நேரத்துல உங்களுக்கு வேலை கம்மிதானே? ஒரு மணி நேரம் வகுப்புக்கு வந்து சேட்டை பண்ணணும்."

அக்கா கொஞ்சம் யோசித்து, அதற்கு எந்தப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார்.

முதல் நாள் பின்னங்கள் பாடம். நடத்திய மாணவிக்குப் பள்ளியில் முணுமுணு என்று பெயர். அவள் குரல் இரண்டாவது பெஞ்சைத் தாண்டியதாகச் சரித்திரம் இல்லை. அக்கா கடைசி பெஞ்சில் அட்டை போட்ட நோட்டோடு உட்கார்ந்து பத்து நிமிஷம் அழகாகக் குறிப்பெடுத்தார். இயற்பியல் டீச்சர் கண்ணால் ஜாடை காட்டிய பிறகுதான் வந்த வேலை நினைவுக்கு வந்தது. கையைத் தூக்கி எழுந்து நின்றார்.

"டீச்சர், இப்ப நான் சத்தம் போடலாமா?"

"போடுங்கக்கா," என்றாள் முணுமுணு.

அக்கா மெல்ல "ஆ" என்றார். பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அம்மா வயசுப் பெண்ணை "உக்காரு, பேசாதே" என்று சொல்ல யாருக்கும் நாக்கு வரவில்லை. "தயவுசெஞ்சு குறும்பு பண்ணாதீங்கக்கா" என்று கெஞ்சினார்கள். கடைசியில் டீச்சர் ஒரு சட்டம் போட்டார்: வகுப்பு வாசலுக்கு உள்ளே "நீ", வெளியே "நீங்க". இது பழகப் பழக வேறு வினையானது. ஒரு பையன் ஸ்டோர் ஜன்னலில் தலையை நீட்டி, "ரெண்டு பெட்டி சாக்பீஸ் எடு" என்று அதட்டிவிட்டு, பிறகு மூன்று நாள் அந்தப் பக்கமே வரவில்லை.

விஷயம் வீட்டுக்குத் தெரிந்ததும் டிரைவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் திறமை முழுக்க ஸ்டியரிங் பிடித்தே வீணாகிவிட்டது என்று இத்தனை வருஷம் மனசுக்குள் புழுங்கியவர் அவர். அன்றிலிருந்து சாயங்காலம்தோறும் பாடம் நடந்தது. பென்சிலை எப்போது வேண்டுமானாலும் கீழே போடக்கூடாது. டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பி முதல் எழுத்தை எழுதும்போது போட வேண்டும். வெளியே போக அனுமதி கேட்பதென்றால், வகுப்பே மூச்சடக்கிக் கேட்கும் இடமாகப் பார்த்துக் கேட்க வேண்டும். சந்தேகம் கேட்டால், கேள்வி ஒழுங்காக இருக்க வேண்டும், பதில் மட்டும் உலகத்திலேயே இருக்கக்கூடாது. அக்கா எல்லாவற்றையும் எழுதி, தலைப்புகளுக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டார். மகள் தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குக் குடிபெயர்ந்தாள்.

மூன்றாவது வாரம் அக்கா வேறு ஆளாகிவிட்டார். பென்சில் ஏழு முறை விழுந்தது. ஒவ்வொரு முறையும் பெஞ்சுக்கு அடியில் புகுந்து நிதானமாகத் தேடினார். பிறகு எழுந்து, "ஒரு ரொட்டியை மூணு பேருக்குப் பங்கு போடறோம். மூணாவது ஆளுக்குப் பசிக்கலைன்னா அந்தப் பின்னம் எங்க போகும் டீச்சர்?" என்று கேட்டார். பாடம் நடத்திய பையன் கரும்பலகையில் ஒரு ரொட்டி வரைந்து, மூன்றாகக் கோடு போட்டு, பிறகு ரொட்டியையே அழித்துவிட்டான். இயற்பியல் டீச்சரும் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார். மறுநாள் அந்தப் பையன் வங்கி வேலைக்குப் படிக்கப்போவதாகச் சொல்லிப் பயிற்சியிலிருந்து விலகிக்கொண்டான். அக்கா பதறிப்போய் அவனைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டார். நல்ல நேரத்தில் காப்பாற்றினீர்கள் என்று அவன் நன்றி சொல்லி அனுப்பினான்.

வருஷக் கடைசியில் செய்முறைத் தேர்வு. மதிப்பெண் போட வெளியிலிருந்து ஒரு அம்மா வந்தார். யாருக்கு எந்தப் பகுதி என்று சீட்டுப் போட்டதில், முணுமுணுவுக்குப் பெற்றோரை அழைத்துப் பேசும் பகுதி வந்தது. பிள்ளை அக்காதான் என்பது முன்பே முடிவானது. பெற்றோர் யார்? டிரைவர் அரை நாள் லீவு போட்டு, இஸ்திரி போட்ட சட்டையில், கல்யாண வீட்டுக்குப் போவதுபோல வந்து இறங்கினார்.

வராந்தா வரை நன்றாகத்தான் இருந்தார். அறைக்குள் மேஜையும், அதன் மேல் பிரம்பு நீளத்தில் ஒரு ஸ்கேலும், எதிரே கைப்பிடி இல்லாத நாற்காலியும் கண்ணில் பட்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

முணுமுணு தன் வழக்கமான குரலில், "உள்ள வாங்க, உக்காருங்க," என்றாள். கத்துகிற ஆசிரியர்களை டிரைவர் ஒருநாளும் பொருட்படுத்தியதில்லை. இப்படி மெல்லப் பேசுகிறவர்களிடம்தான் அவர் வசமாக மாட்டியிருக்கிறார். உட்காரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் அக்கா தலையைக் குனிந்து நின்றார்.

"உங்க பாப்பா வகுப்புல கவனிக்கறதில்ல. பென்சிலைக் கீழ போட்டுக்கிட்டே இருக்கா. வீட்டுல யாராவது இதெல்லாம் சொல்லிக்குடுக்கறாங்களா?"

கடைசிக் கேள்வி பயிற்சிப் புத்தகத்தில் இருந்தது, யாரிடமும் கேட்கலாம். டிரைவருக்கு அது தெரியாது. சட்டை நனைந்துவிட்டது.

"நான்தான் டீச்சர்," என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். திறந்த மதகு மூடவில்லை. முப்பத்தைந்து வருஷம் முன்பு தலைமையாசிரியர் சைக்கிளில் இரண்டு சக்கரத்துக்கும் காற்றைப் பிடுங்கியது தான்தான் என்றார். பள்ளி மணியின் நாக்கைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் போட்டதும், அதற்காக வேறொருவன் முட்டி போட்டதும் வெளியே வந்தன. அக்கா நடிப்பை மறந்து கணவரை நிமிர்ந்து பார்த்தார். வெளியிலிருந்து வந்த அம்மாவின் பேனா நின்றுவிட்டது.

முணுமுணு மட்டும் சிரிக்கவில்லை. அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்தாள். தன் தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"சொன்னது நல்லதாப் போச்சு. பாப்பா கெட்ட பிள்ளை இல்ல. கேள்வியெல்லாம் நல்லா கேக்கறா, அதை மட்டும் நிறுத்திடாதீங்க. பென்சிலை நாம ரெண்டு பேரும் சேர்ந்து பாத்துக்கலாம்."

டிரைவர் "சரிங்க டீச்சர்" என்று சொல்லித் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். அக்காவுக்கு வாழ்க்கையில் முதல்முறையாகத் திட்டும் விழுந்தது, கூடவே பாராட்டும் கிடைத்தது. எதற்கென்று தெரியாமல் கண் கலங்கியது.

முணுமுணுவுக்கு முழு மதிப்பெண். பெற்றோராக நடித்தவரின் நடிப்பு மிக இயல்பு என்று அந்த அம்மா தனியாக எழுதி, மற்றப் பள்ளிகளுக்கும் வருவாரா என்று விசாரித்தார். சைக்கிள் விஷயம் ஏதாவது ஃபைலில் ஏறுமா என்று தெரிந்துகொண்டு பிறகு சொல்வதாக டிரைவர் பதில் சொன்னார். அன்று வீடு திரும்பும்போது, முட்டி போட்ட பையன் யார் என்று அக்கா கேட்டார். சாயங்காலமே அந்த மனிதரின் ஹார்டுவேர் கடைக்குக் கணவரைக் கூட்டிப்போய் மன்னிப்புக் கேட்க வைத்தார். அவருக்கு மணியும் நினைவில்லை, முட்டி போட்டதும் நினைவில்லை. ஆனால் டிரைவரை நினைவிருந்தது.

அந்தப் பதினொரு பேரில் நாலு பேர் ஆசிரியர் ஆனார்கள். முணுமுணு இப்போது சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறாள். அவள் வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும் என்கிறார்கள். சத்தம் போட்டால் அவள் சொல்வது கேட்காது என்பதால் பிள்ளைகளே ஒருவரையொருவர் அடக்கிவிடுகிறார்களாம்.

இந்த வருஷம் புது அணி வந்திருக்கிறது. பள்ளிக்கு வரமாட்டேன் என்று கேட்டைப் பிடித்துக்கொண்டு அழும் குழந்தை வேண்டும் என்று இயற்பியல் டீச்சர் கேட்டிருக்கிறார். இதில் டிரைவரால் உதவ முடியவில்லை; அவர் ஒருநாளும் அழுதுகொண்டு பள்ளிக்குப் போனதில்லை. அதனால் அக்கா தினமும் காலையில் கேட்டருகே தனியாக நின்று பழகுகிறார். முதல் நாள் அழுகையே வரவில்லை. இரண்டாம் நாள் வாட்ச்மேன் ஓடி வந்து, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார்.