நடுவில் இருப்பது இரும்புக் குழம்பு

1991இல் நான் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு வார்ப்புப் பட்டறையில் டெம்பரவரியாக இருந்தேன். பர்மனென்ட் ஆக வேண்டுமானால் பத்தாவது பாஸ் செய்திருக்க வேண்டும். மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டது; சமூக அறிவியல் மட்டும் மூன்று முறை காலை வாரியது. அக்டோபரில் நான்காவது முறை. அதற்குள் அந்தப் புத்தகத்தின் அட்டையைப் பார்த்தாலே எனக்குக் கொட்டாவி வரும்.

என் மனைவி பத்தாவது பாஸ். ஷிஃப்ட் முடிந்து மண்ணூர் வீட்டுக்கு வந்து நான் சுவரில் சாய்ந்ததும் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவாள்.

"இன்னாயா, தூங்கறியா? பூமிக்கு எத்தினி அடுக்கு, சொல்லு."

மேலோடு, கவசம், வெளிக்கரு, உட்கரு என்று கண்ணை மூடியபடியே ஒப்பிப்பேன். அந்த ஒரு பாடம் எனக்குச் சுலபம். உருக்கிய இரும்பை வாளியில் பிடித்து வைத்தால் மேலே கசடு ஆடை கட்டும். பிறகு ஆடை வெடித்து, துண்டு துண்டாக மிதந்து, ஒன்றோடொன்று முட்டும். கண்டங்கள் தட்டுகளின் மேல் நகர்கின்றன என்று அவள் வாசித்தபோது, "இதத்தான் தெனம் பாக்கறனே" என்றேன். கடலடியில் தட்டு நழுவினால் ராட்சத அலை எழும் என்றும் ஒரு வரி இருந்தது. அதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடல் எங்கோ இருந்தது, தூக்கம் பக்கத்தில் இருந்தது.

சண்டை உட்கருவில்தான் வந்தது. வெளிக்கரு குழம்பு, அதற்கும் உள்ளே இருக்கும் உட்கரு கெட்டி என்றாள்.

"எப்டிமே கெட்டியாவும்? நடுவுலதான சூடு ஜாஸ்தி?"

"சுத்தி அம்மாம் பாரம் அழுத்தினு கீதாம். அதனால உருகாதாம். போட்டுக்கீது பாரு."

"போட்டவன் இரும்பு ஊத்தினானா? நான் ஊத்தறேன்."

எனக்கு அதில் பட்ட அனுபவம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மேலே கறுத்துவிட்டதே என்று அவசரப்பட்டு ஒரு வார்ப்பின் மண் அச்சை உடைத்தேன். நடுவிலிருந்து சிவப்பாக ஒழுகி என் பூட்ஸ் கருகியது. "மேல ஆறினா உள்ள ஆறிச்சின்னு அர்த்தமா? நடுவுதான்டா கடைசி" என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கத்தினார். வார்ப்பு வேலைக்காரன் எவனும் அதை மறக்கமாட்டான்.

பரீட்சையில் இரண்டு மார்க்குக்கு அதே கேள்வி வந்தது: உட்கரு எந்த நிலையில் உள்ளது, ஏன்? அவள் சொன்னது வரிக்கு வரி நினைவிருந்தது. இருந்தும், எதுவும் வெளியிலிருந்துதான் ஆறும், ஆகவே உட்கரு குழம்பாகவே உள்ளது என்று எழுதினேன். வீட்டில் உட்கார்ந்திருப்பவள் சொல்லியா நான் இரும்பைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற திமிர், வேறென்ன. அன்று அவள் கேட்டபோது, "எல்லாம் நல்லாதான் எழுதிக்கீறேன்" என்று தட்டிக்கழித்தேன்.

முப்பத்துமூன்று வந்தது. முப்பத்தைந்து வேண்டும்.

மதிப்பெண் பட்டியலை அவள் கையில் கொடுத்துவிட்டு, கைகால் கழுவக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்தேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பிறகு கேள்வித்தாளைத் தேடி எடுத்து வந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"இந்த உட்கரு கேள்விக்கு இன்னா எழுதின?"

"கெட்டின்னுதான் எழுதினேன். நீ சொன்ன மாதிரியே."

வாயில் அப்படித்தான் வந்தது. வெட்கமாக இருந்தது. திருத்திச் சொல்ல முடியாத அளவுக்கு அலுப்பாகவும் இருந்தது.

அவள் முகம் தெளிந்தது. "அப்டின்னா அவனுங்கதான் தப்பாக் கூட்டிக்கீறானுங்க. ரெண்டு மார்க்க எங்கயோ வுட்டுட்டானுங்க."

மறுகூட்டலுக்கு எழுதிப் போடலாம் என்று வெள்ளைத் தாளை எடுத்தாள். 'என் கணவர் இக்கேள்விக்குச் சரியாகவே விடை எழுதியுள்ளார்' என்று குண்டு குண்டு எழுத்தில் எழுதிவிட்டு, தலை நிமிராமல் என் பதிவு எண்ணைக் கேட்டாள். நான் சொன்னேன்.