ஸ்ட்ரெச்சரில் கட்டிய சாவி

ஆண்கள் வார்டின் தலைமை நர்ஸும் அங்கே ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற பெண்ணும் ஒரே வீட்டுக்காரர்கள். தள்ளுகிறவர் நர்ஸுக்கு மூத்த நாத்தனார்.

"வீட்டுல நான் வெச்சதுதான் சட்டம். இங்க வந்தா இவ முன்னாடி கையைக் கட்டிட்டு நிக்கிறேன்" என்று நாத்தனார் வார்டு முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்.

அவர்களுக்குள் தகராறு வந்தது ஆக்சிஜன் சிலிண்டரின் சாவியால். சிலிண்டரைத் திறக்க ஒரு சின்ன இரும்புச் சாவி வேண்டும். அதைச் சிலிண்டரோடு கட்டி வைக்கச் சொல்லி நிர்வாகம் உத்தரவு போட்டிருந்தது. ஆனால் நாத்தனார் அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போய்விடுவார். ஒருமுறை அவரைத் தேடி ஆள் ஓடிய நேரத்தில் ஒரு நோயாளி மூச்சுக்குத் தவித்துப்போனார்.

நர்ஸ் சத்தம் போடவில்லை. வேலை எப்படி நடக்கிறது என்று முதலில் கூடவே இருந்து பார்க்க வேண்டும், பிறகு மலிவாக ஒன்றைச் செய்து சோதிக்க வேண்டும் என்று ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டிருந்தார். காலி சிலிண்டரின் பின்னாலேயே கிடங்கு வரை நடந்தார். சிலிண்டரோடு கட்டினால் காலியோடு சாவியும் போய்விடுகிறது. பதிலுக்கு வரும் சிலிண்டரில் சாவி இருப்பதில்லை. ஒளித்து வைக்காமல் என்ன செய்வார்கள்? ஆகவே சாவியை ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டில் கட்டினார். யாரும் அறுத்துக்கொண்டு போகாதபடி கம்பிக் கயிறு.

"நாயைக் கட்டுற மாதிரி கட்டியிருக்கியே" என்றார் நாத்தனார்.

கயிறு பலன் தந்தது. மற்ற வார்டுக்காரர்களும் வந்து பார்த்துப் போனார்கள்.

ஒரு மதியம், ஆஸ்துமா முற்றிய பெரியவர் ஒருவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். மகளும் கூட வந்தாள். லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. தலைமாட்டில் இருந்த சிலிண்டரின் அளவு காட்டும் முள் சிவப்புக்கு இறங்கியது.

மாற்றுச் சிலிண்டர் கால்மாட்டில், கீழ்ப் பிடிப்பில் இருந்தது. நர்ஸ் குனிந்து குழாயை அதற்கு மாற்றினார். சாவியை இழுத்தார். அது பாதி வழியிலேயே நின்றது.

"எட்டல அண்ணி!"

"இன்னும் இழுடி!"

"இழுத்தா நீளுமா? கம்பி!"

பெரியவரின் உதடு நீலம் பாய்ந்தது. மகள் "அப்பா, அப்பா" என்று அலறினாள்.

"கூப்பிட்டது போதும், அவர் காலைத் தூக்கிப் பிடிம்மா!" என்ற நாத்தனார், பிடிப்பைத் தட்டிக் கழற்றினார். இருவரும் சிலிண்டரைத் தூக்கி மெத்தைமேல் போட்டுத் தலைமாட்டை நோக்கித் தள்ளினார்கள். சாவி எட்டியது. நர்ஸின் விரல் வழுக்கியது. மறுபடி திருகினார். காற்று சீறியது. பெரியவரின் நெஞ்சு மெல்ல ஏறி இறங்கியது.

ஒருவழியாக லிஃப்ட் நகர்ந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவு டாக்டர் அவரைப் பார்த்துவிட்டு, "நடுவுல ஆக்சிஜன் நின்னுச்சா?" என்று கேட்டார்.

நாத்தனார் முந்திக்கொண்டார். "லிஃப்ட் நின்னுடுச்சு டாக்டர்."

"லிஃப்ட் நின்னது நிஜம். ஆனா சிலிண்டரை உடனே மாத்த முடியாம போனது என்னால. நான் கட்டின கயிறு குட்டை" என்றார் நர்ஸ்.

வெளியே வந்ததும் நாத்தனார் பொரிந்தார். "வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா? அவருதான் பிழைச்சுட்டாரே!"

"சொல்லாம விட்டா மத்தவங்களும் இதே நீளத்துல கட்டிடுவாங்க அண்ணி."

நாத்தனாரின் முகம் மாறியது.

"பெண்கள் வார்டுல காலையிலேயே கட்டிட்டாங்களேடி!"

ஸ்ட்ரெச்சரை அங்கேயே விட்டுவிட்டு இருவரும் படிக்கட்டுக்கு ஓடினார்கள்.