மடிப்புக் கலையாத ஏழு விண்ணப்பங்கள்

வேலை பார்த்த மருத்துவமனையில் அவளை எல்லோரும் 'ஆவி அக்கா' என்றே அழைத்தார்கள். பேய் பிசாசுக்கும் அந்தப் பட்டத்துக்கும் சம்பந்தமில்லை. அறுவைக் கருவிகளை நீராவியில் வைத்துக் கிருமி நீக்கும் இயந்திரத்தின் முன்னால் பத்தொன்பது ஆண்டுகள் நின்றதற்குக் கிடைத்தது அது. கத்தரியோ இடுக்கியோ, எதுவானாலும் தடித்த மடிப்புத்தாளில் நான்கு முனையும் மடித்து, நாடா ஒட்டி, உள்ளே இருப்பது என்ன, கட்டிய தேதி என்ன, கட்டியவர் யார் என்று நாடாவின் மேலேயே எழுதிய பிறகுதான் ஒரு பொட்டலம் அவள் கையை விட்டு நகரும். "கட்டினதைக் கண்ட இடத்துல பிரிக்காதீங்க" என்று அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத மருத்துவர் அங்கே ஒருவரும் இல்லை.

அந்தச் சிறிய மருத்துவமனையை ஒருநாள் இழுத்து மூடினார்கள். மிஞ்சிய சாமான்களில் மற்றவர்கள் நாற்காலியும் மின்விசிறியும் எடுத்துக்கொள்ள, அவள் ஒரு கட்டு மடிப்புத்தாளும் ஆறு சுருள் நாடாவும் கொண்டுவந்தாள்.

"வீட்டுல யாருக்கு ஆபரேஷன்?" என்றார் கணவர். அவர் பள்ளி வேன் ஓட்டுபவர்.

"உங்க வாய்க்குத்தான்."

இரண்டு நிறுத்தம் தள்ளியிருந்த பெரிய மருத்துவமனையின் வாயிலில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. கிருமிநீக்கப் பிரிவுக்கு அனுபவமுள்ளவர் தேவை; நாற்பத்தைந்து வயது முடிந்திருக்கக் கூடாது; விண்ணப்பத்தை இந்தப் பெட்டியில் இடவும். பெட்டியின் மூடி துருவேறி விரிசல் விட்டிருந்தது. மழை பெய்தால் உள்ளே இருப்பது கூழாகிவிடும் என்று பார்த்தவுடனே அவளுக்குப் புரிந்தது. வீட்டுக்குத் திரும்பி, உறையை மடிப்புத்தாளில் வைத்துப் பழகிய கையால் நான்கு முனையும் மடித்து நாடா ஒட்டினாள். 'சான்றிதழ் – 1 செட்' என்றும் தேதியும் முதலெழுத்தும் எழுதிய பிறகே மனம் ஆறியது.

பதிலில்லை. இரண்டு மாதம் கழித்து மறுபடி போட்டாள். பிறகு மறுபடியும். தொலைபேசியில் கேட்டால், "பரிசீலனையில இருக்கும்மா, கூப்பிடுவாங்க" என்ற ஒரே குரல், ஒரே வாக்கியம். கல்லூரியில் படிக்கும் மகள் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தட்டச்சு செய்து கொடுத்தாள்.

"கடின உழைப்பாளின்னு ஒரு வரி போடறேம்மா. எல்லாரும் போடறாங்க."

"அது உழைக்கிற மாதிரி இல்லடி. கெஞ்சற மாதிரி இருக்கு."

ஐந்தாவது விண்ணப்பத்தின்போது அவளுக்குள் ஒரு பழைய முள் குத்தத் தொடங்கியது. ஆறு ஆண்டுகளுக்கு முன் பழைய மருத்துவமனையில் ஒரு நோயாளியின் தையல் சீழ் பிடித்து, கிருமிநீக்க அறைவரை விசாரணை வந்தது. அந்த அறையில் தவறில்லை என்று எழுதியும் கொடுத்தார்கள். ஆனாலும் ஊர் வாய்க்கு மூடி உண்டா? அந்தப் பேச்சு இவர்கள் காதுக்கும் எட்டியிருக்கும், அதனால்தான் வாயைத் திறக்காமல் கழித்துக்கட்டுகிறார்கள் என்று அவள் தீர்மானித்துக்கொண்டாள். விசாரணை அறிக்கையின் நகலை முதல் விண்ணப்பத்திலிருந்தே இணைத்துத்தான் வந்தாள். அதைப் படித்த பிறகும் நம்பவில்லை போலும் என்று இன்னும் சுருங்கிப்போனாள். "அவங்க சொல்லாததை நீயா சொல்லிக்காத" என்று கணவர் சொன்னது அவள் காதில் ஏறவில்லை.

ஏழாவது விண்ணப்பம் போட்ட மூன்றாம் வாரம் அவளுக்கு நாற்பத்தைந்து முடிந்தது. பத்து நாள் பொறுத்தாள். பதினோராம் நாள் மதியம் சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

"வயசுதான் தாண்டியாச்சே, இனிமே போய் என்னம்மா பண்ணப்போற?" என்றாள் மகள்.

"வேலை கேக்கப் போகல. ஏன் வேண்டாம்னாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

ஆள்சேர்ப்பு அலுவலர் மகளைவிட நான்கைந்து வயதே பெரியவர். கோப்பை முன்னும் பின்னும் புரட்டினார்.

"உங்க விண்ணப்பம் ஒண்ணுகூட வரலையேம்மா."

"ஏழு போட்டேன் சார். நனையக் கூடாதுன்னு மடிப்புத்தாள்ல கட்டித்தான் போட்டேன்."

பக்கத்து மேசையில் தபால் பிரித்துக்கொண்டிருந்த எழுத்தர் தலையைத் தூக்கினார். "நாடா ஒட்டி, தேதி போட்டு, ஒரு செட்டுன்னு எழுதியிருக்குமே, அதுவா? ஐயையோ! யாரோ ஆபரேஷன் தியேட்டர் சாமானைத் தெரியாம பெட்டியில போட்டுட்டாங்கன்னு நெனச்சு அப்படியே ஸ்டோருக்கு அனுப்பிட்டேனே!"

"பிரிச்சுப் பாக்கலையா?"

"எப்படிங்க பிரிப்பேன்? பிரிக்கக் கூடாதுன்னு மாடிக்கு மாடி எழுதி வச்சிருக்காங்களே!"

பழைய இடமாக இருந்திருந்தால் இந்த மனிதரை நாலு பேர் முன்னிலையில் பாராட்டியிருப்பாள்.

அலுவலர் அவளை அழைத்துக்கொண்டு கீழே இறங்கினார். அடித்தளத்தில் இருந்த கிடங்கின் மேல்தட்டில் ஏழும் வரிசையாக இருந்தன. ஒன்றின் மடிப்புகூடக் கலையவில்லை. கிடங்குக்காரர் பதிவேட்டைத் திறந்து, வந்த தேதிகளை ஒவ்வொன்றாக வாசித்தார்.

"கம்பெனிக்காரங்க சாம்பிள் வச்சுட்டுப் போறாங்கன்னு நெனச்சேன். கட்டு அவ்வளவு நேர்த்தி. எங்க கிருமிநீக்கப் பிரிவு சிஸ்டர்கூடப் பாத்துட்டு, இந்தக் கம்பெனி எதுன்னு விசாரிங்கன்னாங்க."

"அந்தக் கம்பெனி நான்தாங்க" என்றாள். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

கிடங்குக்காரர் தொலைபேசியில் சொல்ல, அந்தப் பிரிவின் தலைமை சிஸ்டர் முகக்கவசத்தை இறக்கிக்கொண்டே வந்தார். நடந்த கதையையும், அண்மையில் அவளுக்கு நாற்பத்தைந்து முடிந்ததையும் கேட்டதும் அலுவலர் பக்கம் திரும்பினார். "ஆள் குடுங்க, ஆள் குடுங்கன்னு ஒரு வருஷமா கத்தறேன். அனுபவம் உள்ளவங்க யாருமே எழுதிப்போடலைன்னு சொன்னீங்களே தம்பி!"

"வரலைன்னுதானே சிஸ்டர் சொன்னேன்? இப்ப பாத்தா இவங்களுக்கு வயசும்..."

"இந்தாங்க, கடைசிக் கட்டு வந்த தேதி, முத்திரையோட" என்று கிடங்குக்காரர் பதிவேட்டை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். "அன்னிக்கு வயசு இருந்துச்சுல்ல?"

அலுவலர் விரலால் கணக்குப் போட்டுப் பார்த்தார். "இது ஸ்டோர் முத்திரை. நம்ம முத்திரை இல்லையே. மேல கேக்கணும்."

"கேளுங்க. கேக்கும்போது என்னையும் கூட்டிட்டுப் போங்க" என்றார் சிஸ்டர்.

காரியம் கைகூடும்போல் இருந்தது. அப்போதுதான் அவள், யாரும் கேட்காமலே, சொன்னாள்: "ஆறு வருஷத்துக்கு முன்னாடி எங்க இடத்துல ஒருத்தருக்குத் தையல் சீழ் பிடிச்சு விசாரணை நடந்துச்சு. அதனாலதான் என்னை ஒதுக்கிட்டீங்கன்னு நெனச்சேன்."

அலுவலர் சிஸ்டரைப் பார்த்தார்.

"எங்களுக்கு அது தெரியவே தெரியாதேம்மா" என்றார் சிஸ்டர் மெதுவாக. "விசாரணையில என்ன வந்துச்சு?"

"எங்க அறையில தப்பில்லைன்னு எழுதிக் குடுத்தாங்க."

"அந்தத் தாள் இருக்கா?"

"ஏழு கட்டுலயும் இருக்கு."

சிஸ்டர் ஏழாவது பொட்டலத்தைப் பிரித்து, அறிக்கையை நின்றபடியே முதலிலிருந்து கடைசிவரை படித்தார். பிறகு அதை அலுவலரிடம் கொடுத்தார். அவரும் படித்தார். "திங்கக்கிழமை செய்முறைத் தேர்வுக்கு வாங்க. அதுக்குள்ள வயசு விஷயம் மேல பேசிடறேன். இப்போதைக்கு இவ்வளவுதான் சொல்லமுடியும்" என்றார்.

வாயிலில் கணவர் வேனோடு காத்திருந்தார். "என்ன சொன்னாங்க? வேலை உண்டா?"

"திங்கக்கிழமைதான் தெரியும்." முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தவள் சிரிக்கத் தொடங்கினாள், சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் நீர் வந்தது. "படிக்கவே இல்லையாங்க. ஒருத்தர்கூட. இத்தனை நாளும் என்னை வேண்டாம்னு சொன்னது நான் ஒருத்திதான்."

"அதைத்தானே நானும் அப்பவே சொன்னேன், கேட்டியா?" என்றவர், வண்டியைக் கிளப்பாமல் அவள் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளி விட இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தது.