சாம்பலுக்கு இரண்டு தட்டு

ஒரு பிடி கரியை எரிக்க எனக்கு மூன்று பேரின் கையொப்பம் வேண்டும். ஜெர்மனியில் அதுதான் என் வேலை. புகையெல்லாம் போக வாட்டிய நிலக்கரித் துண்டுகளைச் சின்னக் கம்பிக்கூடையில் இட்டு, தடித்த உருக்குக் குழாய்க்குள் காற்றை இருபது மடங்கு அழுத்தி எரிப்பேன். இடையில் நிறுத்தி, கூடையை எடுத்து, எவ்வளவு எரிந்து குறைந்தது என்று நிறுப்பேன். இத்தனை நிமிடத்தில் இவ்வளவு எரியும் என்று முன்கூட்டியே சொல்ல ஒரு கணினிக் கணக்கும் உண்டு. இதை ஊரில், சரவணையில் இருக்கும் அக்காவுக்கு விளங்கப்படுத்தப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

“கரி எரியிறதைப் பாக்கிறதுக்கோ பிளேன் ஏறிப் போனனீ? அதுக்குச் சம்பளமும் தாறாங்களோ?”

“ஓம் அக்கா.”

“இஞ்ச வா, நான் சும்மா காட்டிறன்.”

அந்தச் சம்பளம் மார்கழியோடு முடிவதாக இருந்தது. ஒப்பந்தம் நீள வேண்டுமென்றால் அளவும் கணக்கும் பொருந்த வேண்டும். கூட வேலை செய்யும் கிளாராவின் அளவுகள் அச்சொட்டாகப் பொருந்தின. என் கரியோ கணக்கை முந்திக்கொண்டு எரிந்தது. பேராசிரியர் புதிய கண்டுபிடிப்பு என்று துள்ளினார். நானும் வெட்கமில்லாமல் கூடத் துள்ளினேன்.

கிளாரா மட்டும் ஒருநாள் பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள்.

“நிறுக்கும் முன் கூடையை ஏன் மேசையில் தட்டுகிறீர்கள்?”

“சாம்பல் போக.”

“சாம்பலையும் சேர்த்துத்தானே நிறுக்க வேண்டும்! யார் பழக்கியது?”

“வீட்டில்.”

“வீட்டிலேயே ஆய்வுகூடம் இருந்ததா?” என்றாள், உண்மையான மரியாதையோடு.

மின்சாரம் இல்லாத வருடங்களில் எங்கள் பள்ளிச் சட்டைகளைச் சிரட்டைக்கரி போட்ட அயன்பெட்டியால்தான் மினுக்குவோம். சாம்பல் மூடினால் சூடு இறங்கிவிடும். வெள்ளைச் சட்டையில் விழுந்தாலோ அக்கா காதைத் திருகுவாள். ஆகவே முதலில் பெட்டியை வாசற்படியில் இரண்டு தட்டு, பிறகுதான் சட்டை. அந்த இரண்டு தட்டையும் கை மறக்கவேயில்லை. கொட்டிய சாம்பலையெல்லாம் எரிந்த கரி என்று எழுதி வைத்திருக்கிறேன்.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னபோது வேலை போனதென்றே நினைத்தேன். அவர் நெடுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு ஒப்பந்தத்தை நீட்டித் தந்தார், கெடுத்த அளவுகள் அத்தனையையும் திரும்ப எடுப்பதற்கு.

தராசுக்கு மேலே கிளாரா ‘தட்டாதீர்கள்’ என்று ஜெர்மனில் எழுதி ஒட்டினாள். என் தலைக்கு விளங்கியது; கை கேட்கவில்லை. அதன் கீழே, ‘தட்டினால் அக்காவிடம் சொல்வேன்’ என்று தமிழில் நானே எழுதி ஒட்டினேன். இப்போது கை மேசைக்கு மேலே ஒரு கணம் நிற்கிறது. பிறகு காதை ஒருதரம் தடவிவிட்டு, கூடையைத் தராசில் மெல்ல வைக்கிறது.